புது வாத்தியாருக்கு ஒரு பழைய பாக்கி

வாங்கய்யா, வாங்க தாயி. திண்ணையில தூசி இருக்கும், துண்டப் போட்டு உக்காருங்க. யுனிவர்சிட்டியில புதுசாச் சேந்திருக்கீகன்னு நேத்தே டீக்கடைக்குச் சேதி வந்திருச்சு. சமூகப்பணிக்கு ரெண்டு பேரு, பொதுச் சுகாதாரத்துக்கு ஒருத்தரு, நர்ஸிங்குக்கு இந்தத் தாயி. யாரு எந்த ஊரு, யாரு வீட்டுல யாரு சமைக்கிறாக வரைக்கும் இங்க பேசி முடிச்சாச்சு. நீங்க எங்கள ஆராய்ச்சி பண்ண வர்றதுக்கு முந்தி நாங்க உங்கள முடிச்சுட்டோம். டைப் அடிக்கிற வேலைதான் பாக்கி.

எங்க ஊரு ஆத்தூர் ஒன்றியத்துல, சின்னாளபட்டிக்கு எட்டுன தூரத்துல இருக்கு. காந்திகிராமம் பக்கத்துல குடியிருக்கிற புண்ணியத்துல, எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து எங்கள யாராச்சும் எழுதி எடுத்துக்கிட்டே இருக்காக. குடும்பக் கட்டுப்பாட்டுக்குச் சனம் எப்படி மனசு மாறுதுன்னு அறுபதுகள்லயே இந்த ஒன்றியத்துலதான் செஞ்சு பாத்தாக. அதுக்கப்புறம் குடிதண்ணி, கக்கூஸு, சாராயம், சுய உதவிக் குழு, சுகரு, பிரஷரு, இப்ப மனசு. பக்கத்துக் காலேஜு, தூரத்துக் காலேஜு, வெளிநாட்டுக்காரவுகன்னு ஒருத்தர் பாக்கியில்ல. கேள்வி கேக்கத் தெரியாத வாத்தியாரு வந்திருக்காரு; பதில் சொல்லத் தெரியாத ஆளு எங்க ஊருல கெடையாது.

அந்த வித்தைய மொதல்ல தெரிஞ்சுக்கங்க. 'மாச வருமானம் எம்புட்டு?'ன்னு கேப்பீக. ரேஷன் கார்டுக்கு விசாரிக்க வந்தவருன்னா ஒரு கணக்கு. பேங்குல லோன் குடுக்குறவருன்னா வேற கணக்கு. பொண்ணு குடுக்க வந்தவுகன்னா மூணாவது கணக்கு, அதுல இல்லாத தென்னந்தோப்பும் காய்க்கும். உங்களுக்கு எந்தக் கணக்குன்னு நீங்க தெரு முக்குல திரும்புறப்பவே முடிவு பண்ணிருவோம். கழுத்துல அடையாள அட்டை தொங்குதா, கையில தாளு எத்தன இருக்கு, பொழுது சாயுறதுக்குள்ள போயிருவீகளா, இம்புட்டுதான் பாப்போம். நீங்க அத்தனையும் கம்ப்யூட்டர்ல ஏத்தி, சராசரி எடுத்து, புள்ளிக்குப் பின்னாடி ரெண்டு எலக்கம் போடுவீக. போடுங்க. அந்த ரெண்டு எலக்கத்தப் பாக்குறப்பத்தான் எங்களுக்குச் சிரிப்பாணி பொத்துக்கிட்டு வரும்.

அப்புறம் அஞ்சு கட்டம் போட்ட தாளு. முழுசா ஒத்துக்கிறேன், ஒத்துக்கிறேன், ரெண்டுக்கும் நடுவுல, ஒத்துக்கல, ஒத்துக்கவே மாட்டேன். வாசல் தேடி வந்த பிள்ளைகிட்ட 'நீ சொல்றத ஒத்துக்கல'ன்னு மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்ற வழக்கம் இங்க இல்ல. அதனால எதைக் கேட்டாலும் ஒரே பதிலு. 'பொம்பளைக்குச் சம உரிமை வேணும்'னா, சரிதான் தாயி. 'வீட்டுல ஆம்பள சொல்லுதான் கடைசி'ன்னா, அதுவும் சரிதான் தாயி. நீங்க போயி 'இவ்வூர் மக்களின் மனப்பான்மையில் முரண்பாடு காணப்படுகிறது'ன்னு எழுதுவீக. முரண்பாடும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. அது உபசாரம்.

கொஞ்ச நாளைக்கு முந்தி ஒரு தம்பி வந்தாரு. எந்தக் காலேஜுன்னு கேக்காதீக, சொல்ல மாட்டேன். கீழத்தெருப் பாட்டி வீட்டு முன்னாடி உக்காந்து மனச்சோர்வுக்கு ஒம்பது கேள்வி கேட்டாரு. ஒவ்வொண்ணுக்கும் சைபர்ல இருந்து 3 வரைக்கும் மார்க்கு, மொத்தம் 27. என் பேத்தி எம்.எஸ்.டபிள்யூ. படிக்கிறா. அது உலகம் பூரா டாக்டர்மாரு வச்சிருக்கிற அளவுகோலு தாத்தான்னு சொன்னா. கோலை நான் குத்தம் சொல்லல. அதை நீட்டுன விதத்தச் சொல்றேன்.

'ராத்திரி தூக்கம் வருதா பாட்டி?'ன்னாரு.

'மோட்டாருக்கு ராத்திரிலதான் கரண்டு விடுறாக, எங்கிட்டுத் தூங்குறது?'ன்னா பாட்டி. தம்பி 3 போட்டாரு.

'பசி எப்படி?'

'இன்னைக்கு ஆடிச் செவ்வாய்ல, வெரதம்.' அதுக்கு ஒரு 2.

'ஒடம்பு சோந்து வருதா?'

'இருட்டோட எந்திரிச்சுப் பூவெடுத்துட்டு வந்திருக்கேன், சோராம என்ன செய்யும்?' அதுக்கும் 3.

'எதுலயாச்சும் நாட்டம் கொறைஞ்சிருக்கா?'

'உங்கிட்டப் பேசுறதுல நாட்டமாத்தான் இருக்கேன் சாமி. நீதான் தலையத் தூக்காம தாளையே பாத்துக்கிட்டு இருக்க'ன்னுட்டா.

அப்புறம் பாட்டி தன் கேள்வித்தாளை எடுத்தா. அதுக்குக் காகிதம் வேணாம். 'கல்யாணம் ஆச்சா? கூடப் பொறந்தது எத்தன? சம்பளம் எம்புட்டு? நெரந்தரமா?' கடைசிக் கேள்வியில தம்பி மொகம் சுண்டிப்போச்சு. அவரு கௌரவ விரிவுரையாளராம். அப்ப மாசம் 25,000, அதுவும் வருசத்துல 11 மாசத்துக்குத்தான். நெரந்தரமாச் சேர்றவருக்கு மொத மாச அடிப்படைச் சம்பளமே 57,700. 'ஒரே வகுப்பு, ஒரே பாடம், சம்பளம் பாதிகூட இல்லையா? ராத்திரி உனக்குத் தூக்கம் வருதா சாமி?'ன்னு கேட்டா பாட்டி. அன்னைக்கு அந்த வாசல்ல கேட்ட கேள்வியிலயே உருப்படியான கேள்வி அதுதான். தம்பி தாளை மடிச்சுப் பைக்குள்ள வச்சாரு. ரெண்டு பேரும் ரொம்ப நேரம் பேசிக்கிட்டு இருந்தாக. அப்பத்தான் பாட்டி தன் மகனப் பத்தி வாயத் தொறந்தா. பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் போனவன் தீபாவளிக்கும் வரல, போனும் எடுக்கல. அந்தச் சேதிக்கு ஒம்பது கேள்வியிலயும் எடம் இல்ல.

சரி, உங்களுக்கு மேல வரணும். வயசு அப்படி. அதுக்கும் வழி சொல்றேன், மேல போனவுக பல பேர இந்தத் திண்ணையில உக்கார வச்சவன் நான். மொத வழி, ஊருப் பக்கமே வராம இருக்கிறது. உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் வகுப்பு. கையில பி.எச்.டி. இருந்து, பயிற்சி வகுப்புக்கெல்லாம் ஒழுங்காப் போயி வந்தா நாலு வருசத்துல அடுத்த படி. கட்டுரைக்கு மார்க்கு, கருத்தரங்குக்கு மார்க்கு. வெயிலுக்கு மார்க்கு இல்ல. பாட்டியோட பேசுன அந்தச் சாயங்காலத்துக்கும் எந்தப் பாரத்துலயும் பத்தி இல்ல. கெட்டிக்காரவுக கணக்குப் பாத்துட்டு ஏசி ரூமுலயே ஊரை எழுதிருவாக.

ரெண்டாவது வழி, தத்தெடுக்கிறது. 2014ல உன்னத் பாரத் அபியான்னு ஒரு திட்டம் கொண்டாந்தாக. அதுல சேந்த காலேஜு ஒவ்வொண்ணும் அஞ்சு ஊரத் தத்தெடுக்கணும். எங்க ஊர ஒரு காலேஜு தத்தெடுத்துச்சு. அது தெரியாம இன்னொண்ணும் தத்தெடுத்துச்சு. ரெண்டு அப்பன் இருந்தும் பள்ளிக்கூடத்துக் கக்கூஸுக்குத் தண்ணி வரல. வந்ததெல்லாம் ஃபிளெக்ஸு. அதையும் குத்தம் சொல்ல மாட்டேன். என் ஆட்டுக் கொட்டகைக்கு மேல இப்ப 'அக்டோபர் 10, உலக மனநல நாள்'தான் கெடக்கு. ஒரு சொட்டு ஒழுகல. ஆடுக மன அமைதியாத்தான் இருக்கு.

மூணாவது வழி, போட்டோ. காலேஜுக்குத் தரம் போடுற 'நாக்' குழு வர்ற மாசம் எங்க ஊருக்கு மவுசு ஏறிரும். போட்டோவுல எந்த எடம்னு அட்சரேகை தீர்க்கரேகையோட தன்னால விழணுமாம். அதுக்குன்னே வந்து, காளியம்மன் கோயில் முன்னாடி எங்கள வரிசையா நிக்க வச்சு, எடுத்துட்டு, வண்டி எஞ்சினை நிறுத்தாமயே போனவுகளும் உண்டு. காளியாத்தா எத்தனையோ போட்டோவுல எங்களோட நின்னிருக்கா. அவளுக்கும் ஒரு சான்றிதழ் குடுத்திருக்கலாம்.

கோலப்பொடி வரைபடம்னு ஒண்ணு இருக்கே, அதையும் சொல்லிருறேன். பங்கேற்பு ஆய்வுன்னு பேரு. ராபர்ட் சேம்பர்ஸ்னு ஒரு வெள்ளைக்காரரு இந்த மொறைய ஊரு ஊராப் பரப்புனவராம். கோலை ஊர்க்காரவுக கையில குடுத்துட்டு நீங்க ஒதுங்கிக்கங்கன்னு அவரு படிச்சுப் படிச்சுச் சொன்னாருன்னு பேத்தி சொன்னா. இங்க வந்தவுக ஒதுங்கல. ஆபீஸ்லயே வரைஞ்சு வச்ச தாளைப் பாத்து மந்தையில பொடியத் தூவுனாக. எங்க கெணறு மேற்க போச்சு, சுடுகாடு பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துல வந்துருச்சு. 'இந்த எடத்துல ஆரம்ப சுகாதார நிலையம்'னு செவப்புப் பொடியில ஒரு கட்டம் வேற. போட்டோ எடுக்கப் போறப்ப ஒரு சேவல் வந்து அந்தச் செவப்புக் கட்டத்த நல்லாக் கிளறிட்டுப் போயிருச்சு. புள்ளைக பதறிட்டாக. எங்க ஊருல ஆரம்ப சுகாதார நிலையமே கெடையாது. சேவல் கிளறுனதுக்கு அப்புறம்தான் வரைபடம் சரியாச்சு.

சிரிச்சது போதும். வேலை தெரிஞ்சவுக எப்படி வந்தாகன்னும் கேட்டுக்கங்க. சௌந்தரம் அம்மா டி.வி.எஸ். ஐயங்கார் மக. பஸ் கம்பெனி வீட்டுப் பொண்ணு. சின்னதுலயே கல்யாணம் ஆயி, சின்னதுலயே தாலி அறுத்தவுக. மூலையில உக்காரச் சொல்ற காலம் அது. அவுக டில்லிக்குப் போயி லேடி ஹார்டிஞ்சு காலேஜுல டாக்டருக்குப் படிச்சாக. 1940ல காந்தியவாதி ஜி. ராமச்சந்திரனக் கல்யாணம் பண்ணுனாக. 1947ல ரெண்டு பேருமாக் காந்திகிராமத்த ஆரம்பிச்சாக. சின்னாளபட்டியில பிரசவம் பாக்கச் சின்னதா ஒரு எடத்துல தொடங்குனதுதான் பின்னாடி கஸ்தூர்பா ஆஸ்பத்திரி. ஊரக நிறுவனம் வந்தது 1956ல. ஊரகச் சுகாதாரத்துக்குன்னு தனி நிறுவனம் 1964ல. நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது 1976ல. வரிசையப் பாத்தீகளா? மொதல்ல பிரசவம், அடுத்து பாடம், கடைசியிலதான் பட்டம். இப்ப நாம பட்டத்துல ஆரம்பிச்சு, பாடத்துல கொஞ்சம் நின்னு, நேரம் இருந்தா ஊருக்கு வர்றோம். அதான் எடுத்த எடுப்புல கால் தடுக்குது.

இன்னொண்ணும் இருக்கு. 1980ல ஊட்டச்சத்துத் திட்டம்னு உலக வங்கிப் பணத்துல தமிழ்நாட்டுல கொண்டாந்தாக. திண்டுக்கல் அப்ப மதுரை ஜில்லாவுல இருந்துச்சு, 1985லதான் தனியாப் பிரிஞ்சது. அந்த மதுரை ஜில்லாவுல, கொட்டாம்பட்டிப் பக்கந்தான் மொதல்ல செஞ்சு பாத்தாக. ஆறு மாசத்துல இருந்து மூணு வயசு வரைக்கும் உள்ள பிள்ளைகள மாசா மாசம் தராசுல தொங்க விட்டு எடை பாப்பாக. எடை ஏறலையா, 90 நாளைக்குச் சத்து உருண்டை. ஒரு அட்டையில கோடு இழுத்து ஆத்தாகாரிகிட்டக் காட்டுவாக. கையெழுத்துப் போடத் தெரியாதவளுக்கும் கோடு மேல போகுதா கீழ போகுதான்னு தெரியும். 'ஏத்தா, இவனுக்குக் கோடு படுத்திருச்சு'ன்னு பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பாத்துச் சொல்லுவா. அளந்த அன்னைக்கே அளவும் கைக்கு வந்துச்சு, உருண்டையும் கைக்கு வந்துச்சு. எங்களக் கேட்டா ஆராய்ச்சின்னா அதுதான்.

இனி நீங்க செய்ய வேண்டியது. மொதல்ல நேரம் பாத்து வாங்க. மல்லி மொக்கு வெடிக்கிறதுக்குள்ள எடுத்து நிலக்கோட்டை மார்க்கெட்டுக்கு அனுப்பணும், அதனால விடியக்காலம் ஒருத்தரும் வீட்டுல இருக்க மாட்டாக. அது முடிஞ்சா நூறு நாள் வேலை. வயசுப் பிள்ளைகள மில்லு வேன் அள்ளிக்கிட்டுப் போயிரும். நீங்க சாவகாசமாப் பத்து மணிக்கு வந்தா ஊருல இருக்கிறது நானும் என் நாயும்தான். உங்க ஆராய்ச்சி அத்தனையிலயும் வயசு அறுபதுக்கு மேலயே நிக்கிறது இதனாலதான். தமிழ்நாடு கெழடு தட்டிப்போச்சுன்னு எழுதித் தொலைச்சிராதீக.

டிபார்ட்மெண்டு வண்டிய விட்டுட்டு டவுன் பஸ்ஸுல வாங்க. தாயிக்கு 2021ல இருந்து டிக்கெட்டு கெடையாது. ஐயா நீங்க காசு குடுத்துருங்க. எந்த வீட்டுல ஆபரேசன், எந்த வீட்டுல கொழந்த தங்கல, எவன் குடிச்சுட்டு விழுந்தான், எந்த ஆஸ்பத்திரியில எம்புட்டுப் புடுங்குனாக, எல்லாம் பின் சீட்டுல ஓடிக்கிட்டு இருக்கும். காதை மட்டும் தொறந்து வைங்க, தாளை எடுக்காதீக. தாளைப் பாத்தா பஸ்ஸும் 'சரிதான் தாயி'ன்னு சொல்ல ஆரம்பிச்சிரும்.

வந்து எறங்குனதும் தலைவரத் தேடாதீக, நர்ஸம்மாவத் தேடுங்க. சமவெளியில 5,000 சனத்துக்கு, மலையில 3,000 சனத்துக்கு ஒரு துணை சுகாதார நிலையம்னு சர்க்கார் கணக்கு. அத்தனை சனத்தோட கதையும் அந்தம்மா பதிவேட்டுல இருக்கும், பதிவேட்டுல இல்லாதது அந்தம்மா மனசுல இருக்கும். மக்களைத் தேடி மருத்துவம்னு 2021 ஆகஸ்டுல கிருஷ்ணகிரி ஜில்லா சாமனப்பள்ளியில தொடங்கி வச்சாகளே, அதுல மாத்திரை கொண்டாந்து குடுக்கிற பிள்ளையையும் பாருங்க. சுகர் மாத்திரைய யாரு முழுங்குறாக, யாரு வாங்கிப் பரண்ல போடுறாகன்னு அவளுக்குத்தான் தெரியும். கட்டுரையில பேரு போடுறப்ப, ஊரையே பாக்காத பெரியவுகளுக்கெல்லாம் எடம் குடுக்குறீகல்ல, அந்தப் புள்ளைக்கும் ஒரு வரி குடுங்க.

சம்மதக் கையெழுத்து வாங்குறப்ப நிதானம் வேணும். கைநாட்டு வச்சுக் காடு எழந்த குடும்பம் இங்க நாலு தெருவுலயும் இருக்கு. தாளை நீட்டுனா எங்களுக்கு வில்லங்கந்தான் ஞாபகம் வரும். என்ன எழுதியிருக்குன்னு படிச்சுக் காட்டுங்க. வேணாம்னு சொன்னா எந்திரிச்சுப் போகலாம்னும் அதுலயே இருக்காம்ல, அந்த வரிய முழுங்கிராதீக. அதைச் சொன்னீகன்னா முக்காவாசிப் பேரு உக்காந்துதான் இருப்பாக. போக வழி இருக்குன்னு தெரிஞ்ச மனுசன்தான் நிம்மதியாப் பேசுவான்.

கடைசியா, எங்களுக்கு வர வேண்டிய பழைய பாக்கிக்கு வர்றேன். இத்தன வருசமா இந்தத் திண்ணையில வந்து எழுதிக்கிட்டுப் போன எல்லாரும் என்னத்தக் கண்டுபிடிச்சாக? என் ரத்தத்த எடுத்தாக, என் வீட்டுக் கக்கூஸை எட்டிப் பாத்தாக, என் பொண்டாட்டிய நான் அடிக்கிறேனான்னு அவகிட்டத் தனியாக் கேட்டாக. கேக்கட்டும், அது தேவையான கேள்விதான். ஆனா என்ன முடிவு வந்துச்சுன்னு சொல்ல ஒருத்தரும் திரும்பி வரல. எரவல் வாங்குன மொறத்தத் திருப்பிக் குடுக்காத வீட்டுக்கு அடுத்த தடவ மொறம் இல்லன்னு சொல்லிருவோம். உங்களுக்கு மட்டும் மறுபடி மறுபடி குடுத்திருக்கோம், பழசா ஒண்ணு, ஓட்டையா ஒண்ணு. நாங்க சொல்ற பதிலு ஏன் அப்படி இருக்குன்னு இப்பப் புரியுதா? ஆராய்ச்சியால வர்ற நன்மையில அந்தச் சனத்துக்கும் பங்கு இருக்கணும்னு ஐ.சி.எம்.ஆர். 2017ல போட்ட நெறிமுறையிலயே இருக்காம். பேத்திதான் படிச்சுக் காட்டுனா. படிச்சவுக எழுதி வச்சத எங்களுக்குப் படிச்சுக் காட்ட வேண்டியிருக்கு பாருங்க.

பாக்கியத் தீக்கிறதுக்கு எடம் சொல்றேன். கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வருசத்துல ஆறு நாளு, உங்களுக்குத் தோதான ஒரு நாளப் புடிங்க. மந்தையில நின்னு, இங்கிலீசு இல்லாம, 'இந்த ஊருல சுகர் இருக்குன்னு தெரியாமயே இத்தன பேரு இருக்கீக, இந்தத் தெருவுல தண்ணி சரியில்ல'ன்னு சொல்லுங்க. தப்பாச் சொன்னா அங்கனயே திருத்துவோம். உங்க பி.எச்.டி. வாய்மொழித் தேர்வுல கேக்காத கேள்வியெல்லாம் பூக்காரப் பொம்பளைக கேப்பாக. அதுல தப்பிச்சுட்டா உங்க கட்டுரைய எந்தப் பத்திரிகையும் ஒண்ணும் செய்ய முடியாது.

இம்புட்டும் சொன்னதுக்குக் கூலி வேணாமான்னு கேக்காதீக, வேணும். பட்டம் இல்லாட்டியும் 15 வருச அனுபவம் இருந்தா பேராசிரியராச் சேத்துக்கலாம்னு யு.ஜி.சி. 2022ல ஒரு வழி வச்சிருக்காமே. இருக்கிற எடத்துல நூத்துக்குப் பத்து வரைக்கும் அப்படிப் போடலாம்னும் கேள்வி. பதில் சொல்றதுல எனக்கு அனுபவம் அதுக்கு மேலயே இருக்கு. விண்ணப்பத்த நீங்களே எழுதிருங்க, நான் கைநாட்டு வைக்கிறேன். ஆனா படிச்சுக் காட்டுன பெறகுதான் வைப்பேன். சம்பளம் எம்புட்டு, நெரந்தரமான்னும் கேட்டுச் சொல்லுங்க. நாலு வருசத்துக்கு மேல வச்சுக்க மாட்டாகளாம்னு பேத்தி சொல்றா. அப்படின்னா எனக்கு ஆடே போதும்.